அடித்தட்டு மட்டும் நிஜம்

ஐந்தடுக்கு வேண்டும் என்றாள் ரோவினா.
பதினாறு அங்குலத்தில் தொடங்கி
ஆறு அங்குலத்தில் முடிய வேண்டும்.
சுற்றிலும் சர்க்கரையில் சம்பகீத்தா மொட்டு,
அடித்தட்டுக்குள் கிமராஸ் மாம்பழம்.
மாப்பிள்ளை ஆர்னெல் கைபேசித் திரையில் இருந்தான்.
ரோட்டர்டாமில் கப்பல்.
எஞ்சின் இரைச்சலைத் தாண்டி
என் காதுக்கு வந்தது இரண்டே சொல்:
"அவள் கேட்டபடி."
பிறகு படம் உறைந்தது,
வாய் திறந்தபடி.

நோட்டை எடுத்தேன்.
முட்டை நூற்றிருபது.
வெண்ணெயைப் போன மாத விலையில் எழுதி, அடித்து,
இந்த மாத விலையில் எழுதினேன்.
மொட்டு அறுநூறு, ஒன்றுக்கு ஆறு பேசோ.
இலோய்லோ துறையிலிருந்து அக்கரைக்குப் படகு:
கேக்குக்கு மூன்று இருக்கை, எனக்கு ஒன்று,
அலை அடித்தால் பிடித்துக்கொள்ள
என் தம்பிக்கு ஒன்று.
நாற்பத்தோராயிரம்.

சித்தி பசிங் விசிறியை மடக்கினாள்.
"மாவும் சர்க்கரையும்தானே."
நான் பேசவில்லை.
விலை சொன்ன பிறகு முதலில் வாய் திறப்பவர்
ஆயிரம் இழப்பார்.
மின்விசிறி மூன்று முறை தலை திருப்பியது.
"தெர்மோகோல் வைத்தால்?" என்றாள்.

அப்படியே ஆகட்டும்.
அடியில் ஒன்று நிஜம், மேலே நாலு தெர்மோகோல்.
பந்திக்குத் தனியே சாதா கேக்,
தகரத் தட்டில், சமையலறையில்,
யார் கண்ணிலும் படாமல் துண்டாகும்.
இருபத்தொன்பதாயிரம் என்றேன்.

"பொய்க்கு இவ்வளவா?"

பொய்யைச் சுட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.
உடுத்திவிட அதே கூலி.
இன்னும் சொன்னால் கூடவே கேட்கலாம்:
நிஜக் கேக்கில் விரல் பட்டால் கிரீம் மூடிக்கொள்ளும்,
தெர்மோகோலில் நகம் பட்டால் பட்டதுதான்.
இருபத்தாறரைக்கு முடிந்தது. பாதி முன்பணம்.
வட்டுகள் பழுதில்லாமல் திரும்பி வர
ஐநூறு டெபாசிட்.

ஜனவரி பதினேழு என்று எழுதியிருந்தேன்.
ஆர்னெலுக்கு மாற்றாள் கப்பல் ஏறவில்லை.
பிப்ரவரி என்று திருத்தினேன்.
மாற்றாளுக்கு விசா வரவில்லை.
பிறகு தவக்காலம்,
பாதிரியார் தலையசைக்க மாட்டார்.

நாலு அடுக்கும் அதற்குள் பூத்துவிட்டன.
ஈரக்காற்றில் சர்க்கரை அழும் என்று
என் ஏசி அறையில் அவற்றைப் படுக்கவைத்து
நான் கூடத்தில் புழுங்கினேன்.
சனிக்கிழமைகளில் ரோவினா வருவாள்.
பிளாஸ்டிக் உறையை விலக்கிப் பார்ப்பாள்.
"கெட்டுப்போகாதா?"
"இது கெடாது. கெடுவதை
முந்தின இரவுதான் சுடுவேன்."
சிரிக்கவில்லை. ஒரு மொட்டை எண்ணினாள்,
அடுத்ததை எண்ணினாள்,
எழுந்து போய்விட்டாள்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம்.
மாம்பழம் குவிந்து
விலை பாதியாக விழுந்திருந்தது.
சித்தியிடம் நான் அதைச் சொல்லவில்லை.
காத்திருந்ததற்கு வாடகை என்று
பில்லில் எந்த வரியும் எழுதாமல்
மாம்பழத்தில் எடுத்துக்கொண்டேன்.
ஏசிக்கு வந்த மின்கட்டணத்தைப் பார்த்தால்
அதுவும் காணாது.

படகில் அலை இல்லை.
தம்பிக்கு வேலையில்லாமல் தூங்கினான்.

வெட்ட வேண்டிய இடத்தில் நீல நாடா கட்டியிருந்தேன்,
மூன்று முறை சொல்லியும் இருந்தேன்.
முந்தின நாள்தான் விமானம் இறங்கிய ஆர்னெல்
யாரையும் பார்க்காமல் ரோவினாவைப் பார்த்துக்கொண்டே
கத்தியை இரண்டாம் அடுக்கில் இறக்கினான்.
கிறீச்.
மண்டபத்தில் நூற்றெண்பது பேரும்
ஒரே நேரத்தில் பல்லைக் கடித்தார்கள்.
அவள் அவன் கையைப் பிடித்துக்
கீழே இறக்கினாள், நாடாவுக்கு.
மாம்பழச் சாறு விரலில் வழிந்தது.

திங்களன்று வட்டுகள் வந்தன.
இரண்டாவதில் விரல் நீள வெட்டு.
ஐநூறில் ஐம்பதைப் பிடித்தேன்,
சித்தி ஒரு மணி நேரம் வாதாடினாள்,
இருபத்தைந்தில் நின்றது.

வெட்டை மூடவில்லை.
அடுத்த கல்யாணத்தில்
அந்தப் பக்கம்
சுவரைப் பார்த்து நிற்கும்.